பொறிவண்டுகள் ஊரைச் சீராக்கிய பிறகு: குளோயி ஏன் மன்னிப்புக் கேட்பதில்லை?

2 மார்ச் 2025
சிங்கப்பூரின் யீஷூன் வட்டார வாசகர் ஒருவரின் கேள்வி

என் மகள் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். மிராக்குலஸ் லேடிபக் என்ற கார்ட்டூன் தொடரின் முதல் 5 பருவங்களையும் பார்த்து முடித்துவிட்டாள். அதில் வரும் குளோயி வகுப்பில் எல்லாரையும் துன்புறுத்துகிறாள். மனமாற ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை, கடைசிவரை திருந்துவதும் இல்லை. திருந்தாத பாத்திரத்தைச் சிறுவர் கதையில் வைப்பது தவறான பாடம் என்று நான் நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

3 மார்ச்

திருந்தாத ஒருத்தி கதையில் இருப்பதால் பிள்ளைகள் கெட்டுப்போவதில்லை. நான் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள் சாப்பிட்டு, வீட்டுப்பாடத்தை முடித்த பின் பேசுகிற பேச்சில் பாதி இந்தக் கார்ட்டூனைப் பற்றித்தான். குளோயியைப் போல இருக்க ஆசை என்று எந்தப் பிள்ளையும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் செய்வது கொடுமை என்பது மிகச் சிறிய பிள்ளைக்கும் விளங்குகிறது. என்னை உறுத்துவது, ஒவ்வோர் அத்தியாயமும் வார்க்கப்படும் அச்சு.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தாமா அஸ்த்ருக் உருவாக்கிய பிரெஞ்சுத் தொடர் இது. 2015இல் முதலில் தென்கொரியாவிலும், அடுத்த மாதம் பிரான்சிலும் ஒளிபரப்பானது. கதை பாரிஸில் நடக்கிறது. ரொட்டிக்கடை நடத்தும் பெற்றோரின் மகளான மரினெட், யாருக்கும் தெரியாமல் லேடிபக் என்னும் வீராங்கனையாக உருமாறுகிறாள். மேயரின் மகளான குளோயி அவளுடைய வகுப்பில் படிக்கிறாள். ஹாக் மாத் என்ற வில்லன், மனம் நொந்திருக்கும் ஒருவரைத் தேடி அகுமா என்னும் கரிய பட்டாம்பூச்சியை அனுப்புவான். அது அவர் கையிலோ உடலிலோ இருக்கும் ஏதாவது ஒரு பொருளில் புகுந்துகொண்டதும், நொந்துபோன அந்த மனிதர் ஊரையே அழிக்கக்கூடிய தீயவராக மாறிவிடுவார். லேடிபக்கும் அவளுடைய துணைவன் கேட் நுவாரும் அவரோடு சண்டையிட்டு, அந்தப் பொருளை உடைத்து, பட்டாம்பூச்சியைத் தூய்மைப்படுத்துவார்கள். கடைசியில் லேடிபக் ஒரு பொருளை வானத்தை நோக்கி எறிவாள். பொறிவண்டுக் கூட்டம் நகரெங்கும் பறந்துபோய், இடிந்த பாலத்தையும் நொறுங்கிய காரையும் பழையபடி ஆக்கிவிடும்.

முதல் பருவத்தில் இந்தப் பட்டாம்பூச்சிகளுக்குப் பல முறை வழி திறந்துவிடுபவள் குளோயிதான். வகுப்புத் தோழன் நத்தானியல் வரைந்த படத்தை எல்லார் முன்னிலையிலும் எடுத்துக் கேலி செய்கிறாள். ரோஸ் ஓர் இளவரசருக்கு எழுதிய கடிதத்தைக் கிழிக்கிறாள். காதலர் தினத்தன்று நகையோடு வந்து நின்ற கிம்மைப் பார்த்துச் சிரித்து, அந்தக் கோலத்திலேயே அவனைப் படமெடுத்து மற்றவர்களுக்கும் அனுப்பிவைக்கிறாள். வளையல் காணாமற்போன ஆத்திரத்தில், காவலராக இருக்கும் தோழியின் தந்தையைத் தன் அப்பாவைக் கொண்டு வேலையிலிருந்து நீக்குகிறாள். இந்த நால்வரும் அரக்கராக மாறுகிறார்கள். அடி வாங்குபவர்களும் இவர்களே. குளோயியோ ஓடி ஒளிகிறாள், லேடிபக் அவளைக் காப்பாற்றுகிறாள்.

ஆகவே பிள்ளைகள் வாராவாரம் பார்ப்பது, புண்படுத்தியவள் காப்பாற்றப்படுவதையும் புண்பட்டவர் அடக்கப்படுவதையும்தான். ஊருக்கு ஆபத்து கொடுமை செய்தவளால் வருவதாகக் கதை காட்டுவதில்லை. கொடுமைக்கு ஆளானவரின் கோபத்தால் வருவதாகவே காட்டுகிறது. குளோயி திருந்தாததைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை.

3 மார்ச், இரவு

ஒன்றைச் சேர்க்க வேண்டும். தீயவராக இருந்தபோது தாம் செய்தது எதுவும், பட்டாம்பூச்சி நீங்கிய பின் அவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அது அவர்களுக்குக் கிடைக்கும் கருணை. ஆனால் அதற்கு முன்பு பட்ட அவமானம் நினைவில் இருந்தே தீரும். நத்தானியல் மறுநாள் அதே வகுப்பில் அதே பெண்ணோடு உட்கார வேண்டும். பொறிவண்டுகள் கட்டடங்களைத் திருப்பிக் கொடுக்கின்றன. வகுப்பறையில் போன மானத்தைத் திருப்பிக் கொடுக்க யாரும் வருவதில்லை. அத்தியாயம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

6 மார்ச்

எழுதியவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் இப்படி என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தத் தீர்ப்பு அநியாயம். முதல் பருவத்தில் 26 அத்தியாயங்கள். அவை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வரிசையில் ஒளிபரப்பாயின. மரினெட் எப்படி லேடிபக் ஆனாள் என்று சொல்லும் தோற்றக் கதையே பல நாடுகளில் பருவத்தின் கடைசியில்தான் வந்தது. எந்த அத்தியாயத்தை எப்போது போட்டாலும் விளங்க வேண்டும் என்றால், அத்தியாயத்தின் முடிவில் எல்லாரும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். மூன்றாம் வாரத்தில் குளோயி உண்மையாக மன்னிப்புக் கேட்டு மாறிவிட்டால், நான்காம் வாரத்தில் அவள் கடிதத்தைக் கிழிக்கும் அத்தியாயத்தைப் போட முடியாது.

மன்னிப்பு என்பது இயல்பிலேயே அடுத்த நாளைப் பற்றிய வாக்குறுதி. அடுத்த நாளே இல்லாத கதைவடிவத்தில் அதற்கு இடமில்லை. தொலைக்காட்சிக் கார்ட்டூன்கள் நெடுங்காலமாக இந்த வடிவத்திலேயே வந்துகொண்டிருக்கின்றன என்பதால், இந்த ஒரு தொடரை மட்டும் கூண்டில் ஏற்றுவது சரியில்லை.

9 மார்ச்

வடிவத்தில் இருக்கும் தடை ஒருபுறம் இருக்க, வீரசாகசக் கதைக்கே உரிய இன்னொரு தடை உண்டு. வாரம் முழுவதும் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

குளோயி மரினெட்டை இழிவுபடுத்துகிறாள். அதே குளோயிக்கு லேடிபக் என்றால் உயிர். லேடிபக்கைப் போல உடையணிந்து விளையாடுகிறாள், அவளுடைய பாராட்டுக்காக ஏங்குகிறாள். இது இந்தத் தொடரின் கண்டுபிடிப்பு அன்று. 1962இல் ஸ்பைடர்மேன் முதன்முதலாக வெளிவந்த அமேசிங் ஃபேண்டசி 15ஆம் இதழிலேயே, பீட்டர் பார்க்கரைக் கேலி செய்யும் பள்ளித் தோழனாக ஃபிளாஷ் தாம்ப்சன் இருக்கிறான். பீட்டரை மட்டம் தட்டும் அதே ஃபிளாஷ் பின்வந்த கதைகளில் ஸ்பைடர்மேனின் தீவிர ரசிகனாகிறான். முகமூடியைத் தொழுதுகொண்டே முகத்தை அவமதிப்பவன் என்ற பாத்திரம் அங்கிருந்து இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

வாசகருக்கு இதில் ஒரு சுகம் இருக்கிறது. ‘நீ யாரைக் கேலி செய்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை’ என்று பீட்டருக்காகவும் மரினெட்டுக்காகவும் நாம் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறோம். கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அறிவேன், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மன்னிப்பு என்று வரும்போது இந்த ஏற்பாடு வழியை அடைத்துவிடுகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டுமானால், புண்பட்டவர் தம் சொந்த முகத்தோடு எதிரே நிற்க வேண்டும், புண்படுத்தியவர் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ‘நீ அவமதித்த பெண் நான்தான்’ என்று லேடிபக் சொல்ல முடியாது. சொன்னால் கதையின் அடிப்படை விதியே உடைந்துவிடும். அதனால் குளோயி லேடிபக்கிடம் பணிந்து நடக்கலாம், உதவலாம், அவள் முன்னால் கண்ணீர்கூட விடலாம். எதுவுமே மரினெட்டுக்குப் போய்ச் சேராது.

இரண்டாம், மூன்றாம் பருவங்களில் இது உச்சத்துக்குப் போகிறது. குளோயிக்குத் தேனீயின் சக்தி கிடைக்கிறது. அவளும் வீராங்கனையாகி ஊரைக் காக்கிறாள். லேடிபக்காக இருக்கும்போது அவளை நம்பும் அதே பெண், மரினெட்டாக இருக்கும்போது அவளிடம் ஒரு சொல் மன்னிப்பும் பெறவில்லை. கணக்குத் தீராமலேயே பரிசு கொடுக்கப்பட்டுவிட்டது. பின்னர் அந்தச் சக்தி தனக்குத் திரும்பக் கிடைக்காத கசப்பில், மூன்றாம் பருவத்தின் முடிவில் அவள் ஹாக் மாத்தின் பக்கம் சேர்ந்துகொள்கிறாள். பலர் இதைத் துரோகமான திருப்பம் என்று எழுதினார்கள். எனக்கு அது நேர்மையான திருப்பமாகவே பட்டது. பாராட்டுக்காக நல்லவளாக இருந்தவள், பாராட்டு நின்றதும் நின்றுவிட்டாள். இதன் சாயல் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. சிறுவயது நண்பனும் வகுப்புத் தோழனுமான ஏட்ரியன் தன் நட்பை முறித்துக்கொள்வதாகச் சொன்னபோது குளோயி ஒரு விருந்து வைத்து, அவன் கண் பார்க்கும் தூரம்வரை மட்டும் இனிமையாக நடந்துகொண்டாள்.

10 மார்ச்

ஃபிளாஷ் தாம்ப்சன் கடைசியில் பீட்டரின் நண்பனாகிறானே என்று கேட்டவருக்கு: ஆகிறான். ஆனால் மாதந்தோறும் இதழ்கள் வந்து, பல எழுத்தாளர்கள் கைமாறி, பல ஆண்டுகள் ஆயின. சுமார் 20 நிமிடத்தில் எந்தக் கதாசிரியராலும் அதைச் செய்ய முடியாது.

17 மார்ச்

பள்ளி விடுமுறை வாரம். நிலையத்தில் பிள்ளைகள் காலையிலிருந்தே இருக்கிறார்கள், அதனால் சண்டையும் காலையிலிருந்தே. விடுமுறைக்கு முந்திய வாரத்தில் நடந்த ஒன்றை இங்கு எழுதுகிறேன். மேலே நான் சொன்னவற்றை நானே சோதித்துப் பார்க்க அது உதவியது.

எங்கள் நிலையம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. காலணிகளை வாசலுக்கு வெளியே உள்ள அடுக்கில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒருவன், தொடக்கநிலை இரண்டில் படிக்கும் சிறுவனின் வெள்ளைப் பள்ளிக் காலணியில் ஒன்றை உதைத்து, புளோக்கைச் சுற்றி ஓடும் வடிகாலில் தள்ளிவிட்டான். மழை பெய்துகொண்டிருந்தது. அவனுடைய கூட்டாளிகள் சிரித்தார்கள். சின்னவன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, எது தன்னுடையது என்று அடுக்கு முழுவதும் தேடிக்கொண்டிருந்தான். காலணியின் உட்புறம் அவன் அம்மா நீலப் பேனாவால் எழுதியிருந்த பெயர், நாங்கள் வடிகாலிலிருந்து எடுத்தபோது பாதி கரைந்திருந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் செய்வது, இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, ‘சாரி சொல்லு’ என்பதுதான். பெரியவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சின்னவன், பாடமாக்கி வைத்திருந்த பதிலைச் சொல்வதைப் போல, ‘பரவாயில்லை’ என்றான். அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. சின்னவன் ஒரு காலில் காலணியும் மறு காலில் நிலையத்துச் செருப்புமாக வீட்டுக்குப் போனான்.

பிள்ளைகள் சிக்கு என்று அழைக்கும் மூத்த மலாய் ஆசிரியை ஒருவர் எங்களோடு வேலை பார்க்கிறார். அவருக்கு அது போதவில்லை. பெரியவனின் அம்மாவிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, மறுநாள் அவனைப் பின்பக்கக் குழாயடியில் உட்காரவைத்து, ஒரு பழைய பல் துலக்கியும் சவர்க்காரமும் கொடுத்துக் காலணியைத் தேய்க்கச் சொன்னார். அவன் தேய்த்தான். துணி நன்றாகவே வெளுத்தது. பெருவிரல் பக்கம், துணியும் ரப்பரும் சேரும் தையலில் மட்டும் ஒரு கரிய கோடு போகவேயில்லை. சின்னவன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் கிட்டே வந்து, ‘இங்கே இன்னும் இருக்கு’ என்று விரலால் காட்டினான். பெரியவன் மறுபடியும் தேய்த்தான். கோடு அப்படியேதான் இருந்தது. அப்போது, யாரும் சொல்லாமல், சின்னவனின் முகத்தைப் பார்த்து, ‘நான்தான் உதைச்சேன், உன்னோடது என்று தெரிஞ்சேதான் உதைச்சேன்’ என்றான்.

சின்னவன் அதற்குப் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. காலணியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் அவனருகில் உட்கார மறுத்தான். நாங்கள் அதை வற்புறுத்தவில்லை.

பொறிவண்டுகள் பறந்திருந்தால் காலணி ஒரு நொடியில் வெளுத்திருக்கும், தையலில் கோடும் இருந்திருக்காது. தேய்க்கும் வேலையும் யாருக்கும் இருந்திருக்காது. அந்த வேலைதான் ‘தெரிஞ்சேதான் உதைச்சேன்’ என்ற சொற்களை அவன் வாயிலிருந்து வரவழைத்தது. கார்ட்டூன் தன் மாயத்தால் பறித்துக்கொள்வது எதை என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாக விளங்கியது. கேடு முழுமையாக நீங்கிவிடுகிற உலகில், கேடு செய்தவர் செய்ய வேண்டியது எதுவும் மிஞ்சுவதில்லை.

18 மார்ச்

‘சாரி சொல்லு’ என்று நிறுத்துவது பெரியவர்களாகிய நம்முடைய குற்றம்தானே என்று ஒருவர் கேட்கிறார். ஓரளவுக்கு ஆம். சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய பண்புடைமை இயக்கத்திலும், 1982இல் அதன் சின்னமாக வந்த சிங்கா என்ற சிங்கத்திலும் வளர்ந்த தலைமுறை நாங்கள். நன்றி சொல்வதும் வருத்தம் தெரிவிப்பதும் எங்களுக்கு ஓர் அனிச்சைச் செயலாகவே ஆகிவிட்டது. அது நல்ல பழக்கம். பெருவிரைவு ரயிலில் ஒருவர் காலை மிதித்துவிட்டால் அது போதும். தெரிந்தே செய்த கொடுமைக்கும் அதே அளவை வைத்து அளக்கும்போதுதான் கோளாறு வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்கிறேன். தொடக்கப்பள்ளியில் குணநலப் பாடங்கள் தாய்மொழியில் நடப்பதால், பொறுப்பு, பரிவு, மன்னிப்பு எல்லாம் பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைக்கின்றன. அவர்கள் சண்டை போடுவதோ ஆங்கிலத்தில். பாடம் ஒரு மொழியிலும் சம்பவம் வேறொரு மொழியிலும் நடந்துகொண்டிருக்க, இரண்டையும் சேர்த்துவைக்க நடுவில் யாராவது உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

24 மார்ச்

தொடரை மீண்டும் பார்த்தேன். முன்பு எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன். இந்தத் தொடரில் நல்ல மன்னிப்புக் காட்சிகள் உண்டு. அவை குளோயியிடம் வருவதில்லை, அவ்வளவுதான்.

தோற்றக் கதையில் குளோயி மரினெட்டின் இருக்கையில் மெல்லும் கோந்தை ஒட்டிவைக்கிறாள். புதிதாக வந்த ஏட்ரியன் அதை எடுக்க முயலும்போது மரினெட் பார்த்துவிட்டு, அவன்தான் ஒட்டினான் என்று நினைத்துக்கொள்கிறாள். அவன் செய்யாத குற்றம் அது. ஆனாலும் மழையில் வாசலில் நிற்கும் அவளிடம் வந்து, தான் அதை எடுக்கத்தான் பார்த்ததாகவும், இதுவரை பள்ளிக்கே போனதில்லை, நண்பர்களே இருந்ததில்லை, எல்லாமே தனக்குப் புதிது என்றும் சொல்லிவிட்டுத் தன் குடையை நீட்டுகிறான். அவள் மன்னிக்க வேண்டும் என்று கேட்பதில்லை. நட்பையும் கேட்பதில்லை. குடையைக் கொடுத்துவிட்டு, தான் நனைந்துகொண்டு போகத் தயாராக இருக்கிறான். 3 நிமிடம்கூட வராத அந்தக் காட்சியில், விளக்கம் இருக்கிறது, கொடுப்பது இருக்கிறது, பதிலுக்குக் காத்திராமை இருக்கிறது.

இரண்டாவது, வோல்பினா அத்தியாயம். லைலா என்ற புதிய மாணவி, தான் லேடிபக்கின் உற்ற தோழி என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். லேடிபக் வந்து ஏட்ரியனின் முன்னிலையிலேயே அவளைக் கடுமையாகக் குலைத்துவிடுகிறாள். லைலா பொய் சொன்னது உண்மை. லேடிபக் அதை அம்பலப்படுத்திய விதம் கொடுமை. கடைசியில் லேடிபக் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்கிறாள். லைலா ஏற்க மறுத்து, நாம் ஒருபோதும் நண்பர்களாக மாட்டோம் என்று சொல்லிவிடுகிறாள். அந்த மறுப்பு பின்வரும் பருவங்கள் முழுவதும் தொடர்கிறது. பொறிவண்டுகளால் அதைத் தொட முடியவில்லை.

கதாநாயகியின் தவறுக்கு மறுநாள் உண்டு, விளைவு உண்டு, ஏற்கப்படாத மன்னிப்பின் வலியும் உண்டு. கொடுமைக்காரிக்கு மட்டும் அந்த வாய்ப்பு மறுக்கப்படுகிறது. மன்னிப்பை எழுதத் தெரியாதவர்கள் அல்லர் இவர்கள். யாருக்கு அதைக் கொடுப்பது என்பதில்தான் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறார்கள்.

25 மார்ச்

மூன்றாம் பருவத்தின் கமீலியன் அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். லைலா வகுப்பை ஏமாற்றுவது மரினெட்டுக்கும் ஏட்ரியனுக்கும் தெரியும். நம் இருவருக்கும் உண்மை தெரிந்தால் போதாதா, அவளை எல்லார் முன்னிலையிலும் அம்பலப்படுத்த வேண்டாம் என்ற பொருளில் ஏட்ரியன் மரினெட்டுக்கு அறிவுரை சொல்கிறான். எங்கள் நிலையத்துப் பிள்ளைகள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டார்கள். ‘ஏட்ரியனுக்கு ஒன்றும் ஆகலையே, அவன் ஈசியா சொல்லிட்டான்’ என்று தொடக்கநிலை ஐந்து மாணவி ஒருத்தி சொன்னாள். நானும் அவள் கட்சி. பொறுத்துப்போ என்ற அறிவுரையை, அடி படாதவர் அடி படுபவருக்குச் சொல்லும்போது, அடிப்பவருக்குத்தான் அது வசதியாகிறது.

1 ஏப்ரல்

நேற்று நோன்புப் பெருநாள். சிக்குவின் வீட்டுக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் வரிசையாகப் பெரியவர்களின் முன் மண்டியிட்டு, கையை முத்தமிட்டு, உடலாலும் உள்ளத்தாலும் செய்த பிழைகளைப் பொறுத்தருளக் கேட்டார்கள். பெரியவர்களும் பிள்ளைகளிடம் கேட்டார்கள். இந்த மன்னிப்பில் எந்தக் குற்றமும் பெயர் சொல்லப்படுவதில்லை. குற்றம் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று காலணிச் சம்பவத்தில் நான் எழுதியதற்கு இது மாறானதாயிற்றே என்று யோசித்து, சிக்குவிடமே கேட்டேன். பெயர் சொல்ல வேண்டியவற்றைப் பெருநாளுக்கு முன்பே போய்ச் சொல்லிவிட வேண்டும், இது தெரியாமல் செய்தவற்றுக்கு என்பது தம் வீட்டு வழக்கம் என்றார். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. கார்ட்டூனின் முடிவில் வரும் பொதுவான சீராக்கல், இந்தப் பெருநாள் மன்னிப்பின் இடத்தில் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு முன்பு நடக்க வேண்டியது நடக்காமலேயே அது வந்துவிடுவதுதான் சிக்கல்.

5 ஏப்ரல்

நம் மரபில் இப்படிப்பட்ட கதை உண்டா என்று கேட்டவருக்கு, சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நினைவூட்டுகிறேன். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப் பரல் தெறிக்கிறது. பாண்டியன் ஒரு சாக்கும் சொல்லவில்லை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டதையும் தன் குற்றமாகவே சொல்கிறான், பிறர்மேல் பழி போடவில்லை. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று, திருடன் என்ற பட்டத்தைக் கோவலனிடமிருந்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, உயிரை விடுகிறான். இதைவிட முழுமையான ஒப்புதலை நான் எங்கும் படித்ததில்லை. அப்படியிருந்தும் கோவலன் திரும்பி வரவில்லை, கண்ணகியின் சினமும் அடங்கவில்லை, மதுரை எரிந்தது. எரிந்த மதுரையை எந்தப் பொறிவண்டும் வந்து சீராக்கவில்லை. முக்கியமாக, கண்ணகியின் கோபத்தை அந்தக் காப்பியம் அரக்கத்தனமாகக் காட்டவில்லை. அவளைத் தெய்வமாக்கியது. புண்பட்டவரின் கோபத்தைக் கதையில் எங்கே வைப்பது என்பதில் இளங்கோவடிகளுக்கும் இந்தத் தொடருக்கும் இருக்கும் தூரம் மிகப் பெரிது.

குறளிலிருந்து பொறையுடைமை அதிகாரத்தைத்தான் எல்லாரும் எடுத்துக் காட்டுகிறீர்கள். அது பொறுப்பவருக்குச் சொன்னது. பிழை செய்தவருக்கு வினைத்தூய்மையில் ஒன்று இருக்கிறது: ‘எற்றென் றிரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று’. வருந்தும்படியான செயலைச் செய்யாதே, ஒருகால் செய்துவிட்டால் மீண்டும் அத்தகையதைச் செய்யாமல் இருப்பது நல்லது என்பது மு. வரதராசனார் உரை. வருந்துகிறேன் என்று சொல்வதைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த முறை என்ன செய்கிறாய் என்பதே கேள்வி.

6 ஏப்ரல்

சோட்டா பீம் பற்றிக் கேட்டிருந்தார்கள். 2008இல் தொடங்கிய அந்தத் தொடரில் காலியா எத்தனை முறை வம்புக்கு வந்தாலும் கடைசியில் தோற்று, மறுபடியும் அதே கூட்டத்தோடு விளையாடப் போகிறான். மன்னிப்பு அங்கே பேச்சிலேயே இல்லை. ஆனால் பீம் அரக்கனாக மாறுவதில்லை, தோற்பவன் எப்போதும் வம்பு செய்தவன்தான். அந்த அளவில் பிள்ளைகளுக்குக் கணக்கு சரியாக விளங்குகிறது.

12 ஏப்ரல்

யீஷூன் வாசகருக்கு, நீங்கள் கேட்ட கேள்விக்குத் திரும்பி வருகிறேன். நான்காம் பருவத்தில் குளோயியின் தாய்க்குப் பிறந்த, தந்தை வேறான சகோதரி ஸோயி வருகிறாள். அன்பானவள். குளோயியிடமிருந்த தேனீயின் சக்தி அவளுக்குப் போகிறது. ஐந்தாம் பருவத்தில் குளோயி பாரிஸை விட்டே போய்விடுகிறாள். திருந்த வேண்டிய பெண்ணின் இடத்தில் திருந்தத் தேவையில்லாத பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். உங்களுக்குக் கோபம் வந்தது குளோயி திருந்தாததால் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வருத்தம் வந்தது இந்த இடமாற்றத்தால். தவறு செய்த பிள்ளையை மாற்றிவிட்டு நல்ல பிள்ளையைக் கொண்டுவருவது, எங்கள் நிலையத்தில் நடக்கக்கூடாது என்று நாங்கள் தினமும் பாடுபடும் காரியம். காலணியை உதைத்தவனை வேறு நிலையத்துக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு பெற்றோர் கேட்கத்தான் செய்தார். அனுப்பவில்லை. அவன் இப்போதும் வருகிறான். சில நாள் நன்றாக இருக்கிறான், சில நாள் இல்லை.

மகளோடு சேர்ந்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். இம்முறை வந்த வரிசையில் பார்க்காமல், தோற்றக் கதையின் 2 பகுதிகளை முதலில் பாருங்கள். அடுத்து வோல்பினா, பிறகு கமீலியன், அதற்குப் பின் மூன்றாம் பருவத்தின் கடைசி 2 அத்தியாயங்கள். தோற்றக் கதையில் ஐவன் என்ற பையனைக் கிம் கோழை என்று சீண்டுவதில்தான் எல்லாமே ஆரம்பிக்கிறது. முடிவில் லேடிபக் ஐவனையும் அவனுக்குப் பிடித்த மிலேனையும் சேர்த்துவைக்கிறாள், எல்லாரும் மகிழ்கிறார்கள். கிம் என்ன ஆனான் என்று அங்கே நிறுத்தி மகளிடம் கேளுங்கள். ஐவனுக்காக அவன் என்ன செய்திருக்கலாம் என்று அவள் சொல்லும்வரை அடுத்த அத்தியாயத்தைப் போட வேண்டாம்.